யாரும் கேட்காத அளவு

கடையில் எல்லோரும் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர்கள் நியாயமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆளும் ஒல்லி, வாயிலும் எந்நேரமும் நாலு குண்டூசி. உதட்டோரம் ஊசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள், சிரிப்பாள், ஒரு தடவை தும்மக்கூடச் செய்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. கல்யாணக் கவுன் விற்கிற அந்தக் கடையில் அவளுக்குப் பத்தொன்பது வருஷம். வருகிற பெண்ணுக்கு எது எடுப்பாக இருக்கும் என்று பார்த்து எடுத்துக் கொடுத்து, போட்டுவிட்டு, அளவெடுத்து, உடம்போடு உட்காரும்படி பிடித்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை.

பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கைப்பையைக் கீழே வைப்பதற்குள் குண்டூசி கணக்குப் போட்டுவிடுவாள். இடுப்புக்குக் கீழே கனமா? அப்படியென்றால் பார்க்கிறவர் கண்ணை மேலே இழுத்துவிட வேண்டும். தோள்வரை அகலமான கழுத்து, அங்கே கொஞ்சம் லேஸ், இடுப்பிலிருந்து பாவாடை ஒட்டாமல் விரிந்து இறங்க வேண்டும். கை தடிமனா? முழங்கைவரை மெல்லிய வலைத்துணி. குள்ளமா? இடுப்புக்கோட்டை இரண்டு விரல் மேலே தூக்கினால் கால் நீண்டுவிடும். மேலும் கீழும் ஒரே மட்டமாக இருந்தால் நடுவில் ஒரு பட்டியைக் கட்டி இல்லாத இடுப்பை உண்டாக்கிவிடுவாள். மறைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பொய் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அளவெடுத்ததும் எந்தப் பெண்ணும் முதலில் கேட்பது, "எவ்வளவுக்கா?" என்பதுதான். குண்டூசி உண்மையான அளவை ஒருநாளும் சொன்னதில்லை. இடுப்பிலும் அதற்குக் கீழும் ஒரு இன்ச்சைக் குறைத்துத்தான் சொல்லுவாள், அளவுக் கார்டிலும் அப்படியே எழுதுவாள், துணி வெட்டும்போது மனசுக்குள் அந்த ஒரு இன்ச்சைக் கூட்டிக்கொள்வாள். பெண்ணுக்கு உச்சி குளிர்ந்துவிடும், கூட வந்த தாய்க்கும் முகம் மலர்ந்துவிடும், முதலாளியம்மாவுக்கு வியாபாரம் முடிந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

முதலாளியம்மா அவளுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தாள். "உடம்பைப் பத்தி நல்லதா சொல்லு. நல்லதா சொல்ல ஒண்ணும் இல்லேன்னா துணியைப் பத்திச் சொல்லு." அந்தக் கட்டளை சும்மா வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு வயிற்றுப் பக்கம் ஜிப் ஏறவில்லை. குண்டூசி பாசமாகக் குனிந்து, காதும் காதும் வைத்தாற்போல, "மாசம் எத்தனைம்மா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு மாசமும் இல்லை, வாரமும் இல்லை. வெறும் வயிறு! அழுத அழுகையில் கடையே திரண்டுவிட்டது. ஆர்டர் போனது. குண்டூசியின் வேலையும் போக இருந்தது. அன்று முதல் வாயில் ஊசியை வைத்துக்கொள்வதே தன் வாயைத் தைத்துக்கொள்ளத்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்படி இருந்தவளிடம்தான் அந்த டீச்சர் பெண் வந்தாள். சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், விரல் நுனியில் எப்போதும் கலர் சாக்பீஸ் பொடி ஒட்டியிருக்கும். கூடவே அம்மா, கொஞ்சம் பருத்த உடம்பு, கணீர் குரல். டீச்சர் வந்த உடனேயே தன் உடம்பைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"மேல பார்த்தா ஒரு ஆள், கீழ பார்த்தா இன்னொரு ஆள்க்கா. ரெண்டு பேரைச் சேர்த்துத் தைச்ச மாதிரி இருக்கேன். எந்த டிரெஸ்ஸும் எனக்கு ஒத்து வராது."

"வராமப் போயிடுமா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் குண்டூசி.

மூன்றாவது கவுனிலேயே பிடித்துவிட்டாள். தோள் தெரிய அகலமான கழுத்து, இடுப்புவரை ஒட்டி, அப்புறம் தாராளமாக விரிகிற பாவாடை. டீச்சர் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பு முப்பது இருந்தது, இருபத்தொன்பது என்று சொன்னாள் குண்டூசி. கீழே நாற்பத்தொன்று, நாற்பது என்றாள். கழுத்து பதிமூன்று. அதை யாரும் கேட்கவில்லை, எழுதி வைத்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து வந்தபோது இடுப்பில் ஒன்றரை இன்ச் இறங்கியிருந்தது. டீச்சர் குதித்தாள். "ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சேன்க்கா. ஆனா மத்தியானம் ரெண்டு பங்கு சாப்பிடறேன், அப்பவும் குறையுது பாருங்க!" அம்மா பெருமையாக, "எங்க பக்கத்துல யாருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது" என்றாள். அன்று டீச்சருக்கு ஒரே ஒரு மனக்குறைதான். போட்டோவில் பார்த்தால் கழுத்து கொஞ்சம் தடித்த மாதிரி தெரிகிறதாம். "அதை மறைச்சுடுங்கக்கா."

மறைப்பதுதானே குண்டூசியின் தொழில்! அகலக் கழுத்தை மூடி, தொண்டைவரை ஏறுகிற லேஸ் காலர் ஒன்றை அவளே யோசித்து உருவாக்கினாள். பின்னால் மூன்று கொக்கி. கழுத்தை அளந்தாள், பதிமூன்றேகால். மூச்சுவிட கால் இன்ச் சேர்த்துத் தைத்தாள். அந்தக் காலரைப் பார்த்து முதலாளியம்மாவே, "கை வேலைன்னா இது" என்று சொன்னாள். குண்டூசி அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை சிரித்துக்கொண்டே போனாள். பின்னால் அந்தச் சிரிப்பை நினைத்து அவளுக்கே அவள்மேல் எரிச்சலாக வந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கவுனை மாட்டிவிட்டாள். இடுப்பில் துணி தொளதொளவென்று தொங்கியது. இரண்டு பக்கமும் கை நிறையப் பிடித்து ஊசி குத்த வேண்டியிருந்தது. அம்மா கை தட்டினாள். குண்டூசி பின்னால் போய்க் காலரின் கொக்கியைப் போட்டாள். ஏறவில்லை. இழுத்துப் பிடித்தாள். ஏறவில்லை. அவளே தைத்த காலர், கால் இன்ச் தாராளம் விட்ட காலர்! டேப்பைச் சுற்றினாள், பதிமூன்றே முக்கால்.

ஆள் இளைத்துவிட்டாள், கழுத்து மட்டும் பெருத்திருக்கிறது. இது எந்தக் கணக்கு?

டீச்சரின் முதுகு நனைந்திருந்தது. ஏசி போட்ட அறையில் நெற்றியில் வேர்வை. "எப்பப் பாரு வேர்க்குதுக்கா. நெஞ்சு வேற பட்டு பட்டுன்னு அடிச்சுக்குது. கல்யாண டென்ஷன்" என்று சிரித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். பாட்டில் பிடித்த விரல்கள் மெல்ல நடுங்கின. குண்டூசி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இறங்கும்போது கழுத்தின் நடுவில், தோலுக்கு அடியில், ஏதோ ஒன்று மேலே ஏறி மறுபடி இறங்கியது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "மாசம் எத்தனைம்மா" ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"காலரை நான்தான் தப்பா வெட்டிட்டேன்மா. நாளன்னைக்கு வாங்க, சரி பண்ணி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவர்கள் போன பிறகு டேப்பை எடுத்து இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தாள். பழைய டேப் இழுபட்டிருக்குமோ என்று ஒரு நப்பாசை. இழுபட்ட டேப் அளவைக் குறைத்துக் காட்டுமே தவிர, கூட்டிக் காட்டாது என்று பத்தொன்பது வருஷம் டேப் பிடித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் பார்த்தாள். டேப் சரியாகத்தான் இருந்தது. கழுத்து பதிமூன்றே முக்கால்தான்.

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர் கழுத்தில் டேப்பைச் சுற்றினாள்.

"என்ன, முடிவே பண்ணிட்டியா? சாப்பாடு போட்டுட்டுக் கழுத்தை நெரிக்கக் கூடாதா?" என்றார் அவர்.

"ஆடாதீங்க. தண்ணி குடிங்க பாப்போம்."

குடித்தார். அவர் கழுத்தில் தொண்டைக் குமிழ்தான் ஏறி இறங்கியது, வேறெதுவும் இல்லை. குண்டூசி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"உன் வேலை தைக்கிறது. டாக்டர் வேலையெல்லாம் உனக்கு எதுக்கு? ஒரு தடவை வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டது பத்தலையா?"

"பத்தும். அதான் பயமா இருக்கு. ஒண்ணுமில்லாமப் போனா கல்யாணப் பொண்ணைக் கலங்கடிச்ச பாவம், வேலையும் போகும். ஏதாவது இருந்து, நான் சொல்லாம விட்டுட்டா..." டேப்பை விரலில் சுற்றினாள். "அந்தக் காலரை நான்தாங்க தைச்சேன். அதை யாரும் பாக்கக் கூடாதுன்னு நானே மூடி வெச்சேன்."

மறுபடி அவளே கேட்டாள். "உங்க வேன்ல ஏதோ சத்தம் வருதுன்னு, வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஒருத்தி சொன்னா கோவிச்சுப்பீங்களா?"

"பின்னே? நல்லாக் கோவிப்பேன். என் வண்டியைப் பத்தி எனக்கே சொல்லுவாளா?" கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஆனா அவ போனதுக்கப்புறம் பானட்டைத் திறந்து பாப்பேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு நாளை ஓட்டினாள். சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கவுனின் கையை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் தைத்துவிட்டுப் பிரித்தாள். பேச வேண்டியதை மனசுக்குள் பத்து விதமாகப் பேசிப் பார்த்தாள். பத்தும் கேவலமாக இருந்தது.

சொன்ன நாளில் தாயும் மகளும் வந்தார்கள். குண்டூசி கோழை வழியைத்தான் முதலில் பிடித்தாள். காலரை எடுத்துவிட்டு, பழையபடி அகலக் கழுத்தாக மாட்டிவிட்டாள். கழுத்து திறந்திருந்தால் அம்மாவே பார்த்துவிடுவாள், நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நினைப்பு. அம்மா பார்த்தாள், பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இது வேண்டாம், காலரே போடுங்க. அதுதான் அழகா மறைச்சுது."

டீச்சரும், "ஆமாக்கா, பெருசா வேற தைச்சுடுங்க" என்றாள்.

இனி ஓடுவதற்கு இடமில்லை. குண்டூசி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள்.

"பெருசா தைக்கலாம்மா. தைச்சா யாருக்கும் தெரியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணு தடவையும் அளந்திருக்கேன். உடம்பெல்லாம் இளைக்குது, கழுத்து மட்டும் முக்கால் இன்ச் பெருத்திருக்கு. ஒரு டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துடுங்க. கோவிச்சுக்காதீங்க."

அம்மாவுக்குக் குரல் வந்தது பாருங்கள், வெளியில் இருந்த முதலாளியம்மாவுக்குக் கேட்டிருக்கும். "வாயை அடக்கிப் பேசுங்க! மூணு வாரத்துல கல்யாணம் வெச்சிருக்கோம். நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல நோயைச் சொல்றீங்களே, நீங்கல்லாம் மனுஷிதானா? உங்களுக்கு டேப் பிடிக்கத் தெரியலேன்னா என் பொண்ணு மேலயா பழி?" கார்டைப் பிடுங்கிக்கொண்டாள். "இந்தா, இருபத்தொன்பதுன்னு எழுதியிருக்கு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் நான் அளந்தேன், முப்பது இருந்துச்சு! பொண்ணு சந்தோஷத்துக்குன்னு நானும் விட்டுட்டேன். எழுதறதே தப்பு, இதுல டாக்டராம்!"

முதலாளியம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். குண்டூசி சமாளித்திருக்கலாம். டேப் மேல் பழியைப் போட்டு, சிரித்து, மழுப்பியிருக்கலாம். அவளுக்கு அழுகைதான் வந்தது.

"தப்பில்லம்மா, பொய். முப்பதுதான் சரி. நான் எல்லாருக்கும் ஒரு இன்ச் குறைச்சுத்தான் எழுதுவேன். பத்தொன்பது வருஷமா அப்படித்தான் எழுதறேன்."

முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் தன் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"கழுத்து நம்பரும் பொய்தானேக்கா?"

பொய் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற குரல் அது. குண்டூசிக்கு அது புரியாமல் இல்லை.

"இல்லடா. கழுத்தை யாரும் கேக்க மாட்டாங்க. இத்தனை வருஷத்துல ஒரு பொண்ணு கேட்டதில்ல. யாரும் கேக்காத இடத்துல நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே ஒரு வாய் குடி."

டீச்சர் குடித்தாள். பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள் என்றுதான் குண்டூசிக்குத் தோன்றியது, ஏனென்றால் அப்புறம் அவள் கத்தவில்லை. மகளை உடை மாற்றச் சொல்லி, கையைப் பிடித்து விறுவிறுவென்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளியம்மா கதவு சாத்தியதும் பிடித்துக்கொண்டாள். "நோயைச் சொன்னதைக்கூட விடு. கார்டு பொய்னு எதுக்குடி சொன்னே? நாளைக்கு ஊர் முழுக்கச் சொல்ல மாட்டாங்களா? இனிமே எந்தப் பொண்ணு நம்மளை நம்பும்?" அன்றோடு குண்டூசிக்கு டிரையல் ரூமில் இடமில்லை. பின்னால் இருந்த சின்ன அறையில் பாவாடை ஓரம் மடித்துத் தைக்கிற வேலை. ஜன்னல் கிடையாது, பேச ஆள் கிடையாது.

பத்து நாள் கழித்து டீச்சரின் அம்மா போன் செய்தாள். முதலாளியம்மாதான் எடுத்தாள். "கல்யாணத்தைத் தள்ளி வெச்சாச்சு, கவுன் இப்போதைக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாளாம். ஏன், எதற்கு, பெண் எப்படி இருக்கிறாள், ஒன்றும் தெரியாது.

ஐயோ, அதுக்கப்புறம் குண்டூசி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நம் வாயால்தான் கல்யாணம் நின்றதோ? மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது பேசிவிட்டார்களோ? இல்லை, இதைவிட மோசமாக ஏதாவதா? ஓரம் மடிக்கும்போது ஊசி விரலில் ஏறியது. வெளியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள். தானே போன் செய்யலாம் என்று மூன்று தடவை நம்பரைப் போட்டு, மூன்று தடவையும் வைத்துவிட்டாள். "பானட்டைத் திறந்திருப்பாங்க, விடு" என்று புருஷன் சொன்னால், "உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியலையே" என்று அவர் மேல் எரிந்து விழுந்தாள்.

அந்தக் கவுன் அவள் அறையிலேயே, துணி உறைக்குள் தொங்கியது. முதலாளியம்மா இரண்டு தடவை வந்து சொன்னாள். "இடுப்புல பிடிச்ச துணியை வெட்டித் தள்ளிட்டு முடி. ஒல்லியா ஒரு பொண்ணு வந்தா கொடுத்துடலாம்." குண்டூசி சரி சரி என்று தலையாட்டினாள், வெட்டவில்லை. உள்ளே மடித்த துணி மடித்தபடியே இருந்தது. கேட்டால் இன்றைக்குக் கத்தரி மழுங்கிவிட்டது, நாளைக்கு நூல் கலர் சரியில்லை என்று ஏதாவது சாக்கு. வெட்டினால் அந்தப் பெண் வரவே மாட்டாள் என்று அவளுக்கு ஒரு பயம். மூடநம்பிக்கைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

நாலரை மாசம் ஆனது. ஒருநாள் காலையில் முதலாளியம்மா பின் அறைக்கு வந்து நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உன்னைத்தான் வேணும்னு நிக்கறாங்க. வேற யாரும் அளவெடுக்கக் கூடாதாம். போ."

டிரையல் ரூமில் டீச்சர் நின்றாள். குண்டூசி முதலில் பார்த்தது முகத்தை அல்ல. தொழில் புத்தி, இடுப்பைத்தான் பார்த்தாள். இடுப்பு திரும்பி வந்திருந்தது! கன்னத்தில் சதை இருந்தது. கை நடுங்கவில்லை. விரல் நுனியில் நீல சாக்பீஸ்.

அம்மாதான் பேசினாள், குரலைத் தாழ்த்தி, முகத்தைப் பாராமல். "தைராய்டாம். ரொம்ப முத்திப்போச்சாம். நெஞ்சு ஓடின ஓட்டத்துக்குக் கல்யாணத்தன்னைக்கே விழுந்திருப்பான்னு டாக்டர் சொன்னாரு. மாத்திரையிலேயே அடங்கிடுச்சு. மாப்பிள்ளையே தள்ளி வெப்போம்னாரு." கைப்பையைத் திறந்து மூடினாள். "அன்னைக்கு நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

"கோவிச்சாலும் பாத்தீங்களே, அது போதும்மா" என்றாள் குண்டூசி. வாயில் ஊசி இல்லாததால் உதடு நடுங்கியது வெளியில் தெரிந்தது.

கவுனை எடுத்து வந்து, மடித்திருந்த தையலைப் பிரித்தாள். உள்ளே இருந்த துணியெல்லாம் கசங்கலோடு வெளியே வந்தது. டீச்சர் தன் பக்கவாட்டைக் கண்ணாடியில் பார்த்தாள். "மறுபடி ரெண்டு ஆளாயிட்டேன்க்கா" என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு பெண்ணுக்கு இடுப்பு கூடியதற்காக மூன்று பேர் சந்தோஷப்பட்டது அந்த அறையில் அதுதான் முதல் தடவை.

குண்டூசி வழக்கம்போல டேப்பை இடுப்புக்குக் கொண்டுபோனாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். தலைமுடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"முதல்ல கழுத்தை அளங்கக்கா. எவ்வளவுன்னு சொல்லுங்க."

டேப்பைச் சுற்றினாள். விரலுக்கு அடியில் நாடி நிதானமாக அடித்தது. டேப்பின் முனையைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். பதிமூன்று என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது, பழகிப்போன நாக்கு. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதிமூணேகால்" என்றாள் குண்டூசி.

டீச்சர் மூச்சை விட்டாள். "டாக்டரும் அதான் சொன்னாரு, இன்னும் கொஞ்சம் இறங்கணுமாம். அப்படியே எழுதுங்க." குண்டூசி பென்சிலை எடுத்து அப்படியே எழுதினாள். அதற்குக் கீழே இடுப்பையும் அளந்து, உள்ளது உள்ளபடி எழுதினாள்.